மாமனாரின் ஹெரால்டும் என் இரண்டு பிழைகளும்



பொங்கலுக்கு ஆத்தூர் வந்துபோனவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "மாட்டுக் கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அது என்ன சார்?" தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இது பெரிய கஷ்டமில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே இருப்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார். 1969-ஆம் வருட வண்டி. நான்கு கதவு. இந்த நான்கு கதவு விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி என் மாமனாருடையது. பட்டிவீரன்பட்டியில் காப்பிக் கொட்டை வியாபாரத்தில் கணக்கு எழுதியவர். 1975-ல் ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கினார். தாண்டிக்குடி மலைக்கு எத்தனையோ முறை ஏறி இறங்கிய வண்டி. ஹெரால்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். எங்கள் தெருவில் அம்பாசிடர்காரர் நாலு தடவை முன்னே பின்னே போய்த் திணறுகிற இடத்தில், மாமனார் ஒரே மூச்சில் திருப்பிவிட்டுத் திண்ணையில் இருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையை எங்கள் வீட்டுப் பெண்கள் இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

1991-ல் ஒரு சாயங்காலம், செம்பட்டியிலிருந்து ஆத்தூர் வரும் வழியில், ஒரு கண்மாய்க்கரை வளைவில் வண்டியின் இடது முன்பக்கம் அப்படியே மண்டியிட்டது. இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் சாய்ந்தது. நல்லவேளை, வேகம் இல்லை. மாமியாருக்கு நெற்றியில் ஏழு தையல். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து வண்டியைக் கொட்டகையில் தள்ளினோம். "நான் ஒண்ணும் பண்ணல மாப்பிள்ளை, சக்கரம் தானா மடங்கிருச்சு" என்று மாமனார் வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. அப்போது அவருக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. கண் தெரியாத வயதில் என்ன ஓட்டம் என்று குடும்பமே பேசியது. பேசியவர்களில் நானும் ஒருவன். இதைப் படிக்கிற சிலரும் உண்டு. அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. 1998-ல் காலமானார்.

வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட என் துணைவியார் சம்மதிக்கவில்லை. ஓட்டிப் பார்க்கவும் யாருக்கும் மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பின் சீட்டில் கோழி முட்டை வைத்தது.

ஊரடங்குக் காலம் கடந்து 2021-ல் தான் பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டின் பானெட் மற்றக் கார்களைப் போல மூடி மட்டும் திறப்பது இல்லை. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முதலை வாயைப் போலத் தூக்கிக்கொள்ளும். தரை மேடை முழுக்கத் துரு. கதவுக்குக் கீழே உள்ள பட்டி கையில் பிடித்தால் காப்பித் தூள் மாதிரி உதிர்ந்தது. ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ் சட்டம், ஒன்றிரண்டு கிளைகள் தவிர, உறுதியாக இருந்தது.

என்னிடம் படித்த ஒருவன் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் இன்ஜினியராக இருக்கிறான். அந்த ஊரில்தான் ஹெரால்டு பிறந்தது என்பது அவனுக்கும் அன்றுவரை தெரியாது. வீடியோவில் எல்லாவற்றையும் காட்டினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"சார், பாடி செத்துப்போச்சு. சேஸிஸ் உசுரோட இருக்கு. பாடியைக் கழட்டிப் போட்டுட்டு, மேல ஃபைபர்ல ஒரு ரெண்டு சீட்டு ஓப்பன் கார் கட்டிருவோம். இங்க கிட் கார்னு சொல்வாங்க. ஹெரால்டு சேஸிஸ்தான் அதுக்குப் பேர் போனது."

கிட் கார் என்றால் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார். நம் ஊரில் சைக்கிளைப் பாகமாக வாங்கி மாட்டச் சொல்வோமே, அது போல. போருக்குப் பிறகு இங்கிலாந்தில் புதுக் காருக்குக் கொள்முதல் வரி கடுமையாக இருந்தது. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இப்படித்தான் பல வீடுகளின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தது. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி போட்டுவிடுவார்கள் என்பதற்காக, கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. வரி ஏய்ப்பில் வெள்ளைக்காரனும் நமக்குச் சளைத்தவன் இல்லை. 1973-ல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் இந்தச் சலுகை போயிற்று. ஆனால் பழக்கம் போகவில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி, பாடியை எறிந்துவிட்டு, அதன் சேஸிஸ், இன்ஜின், ஸ்டியரிங் மேல் ஃபைபர் உடம்பைப் பூட்டினார்கள். ஸ்பார்ட்டன், ஜென்ட்ரி என்று 1930-களின் கார் மாதிரித் தோற்றத்தில் வந்தவை எல்லாம் டிரையம்ப் வண்டிகளின் எலும்பு மேல் கட்டியவைதான். மாணவன் அனுப்பிய படங்கள் அழகாகவே இருந்தன. எனக்கும் ஆசை வந்தது, ஒளிப்பானேன்.

ஹெரால்டு மட்டும் ஏன் இப்படி எளிதாகக் கழன்று வருகிறது என்று தேடினேன். அங்கேதான் எனக்குள் இருந்த சரித்திர வாத்தியார் விழித்துக்கொண்டார்.

1950-களில் உலகத்துக் கார்களெல்லாம் சேஸிஸை விட்டுவிட்டு, பாடியே எலும்பாகவும் இருக்கும் ஒற்றைக்கூட்டு முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. கவென்ட்ரியின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனம். 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. பந்திக்கு இலை போட்ட பிறகு சமையல்காரரை எதிர் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போன கதை. ஒரே அச்சில் முழு பாடியை அடித்துக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் புதுக் காரின் பாடியைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்து, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி வடிவமைத்தார்கள். தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியர் ஜோவன்னி மிக்கெலாட்டி. 1959-ல் 948 சி.சி. இன்ஜினோடு டிரையம்ப் ஹெரால்டு வந்தது. நெருக்கடியில் பிறந்த வடிவம் அது. ஆனால் அதனாலேயே அதைப் பெட்டியில் அடுக்கிக் கப்பல் ஏற்றலாம், வேறு ஊரில் பூட்டலாம், ஐம்பது வருடம் கழித்து ஆத்தூர் மாட்டுக் கொட்டகையில் கழற்றலாம்.

நம் பக்கக் கதைக்கு வருகிறேன். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10. ஆரம்பத்தில் பெட்டியில் வந்ததைப் பூட்டும் வேலைதான் அதிகம். 1953-ல் சுங்கவரி ஆணையம், இங்கேயே உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள்தான் தொழிலில் இருக்கலாம் என்று பரிந்துரைத்தது. வெறுமனே பூட்டி விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954-ல் கடையைக் கட்டின. ஸ்டாண்டர்டு நின்றது. 1961-ல் ஹெரால்டு சென்னையில் உருவாகத் தொடங்கி, வருடா வருடம் உள்நாட்டுப் பாகங்கள் கூடிக்கொண்டே வந்தன.

இந்த இடத்தில் என் பழைய பாடத்தை நினைவுபடுத்த வேண்டும். என்னிடம் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் படித்த எல்லாருக்கும் அது மனப்பாடமாகவே இருக்கும். கோவை ஜி.டி.நாயுடு 1952-ல் இருவர் அமரும் சின்னக் காரைச் செய்து காட்டினார், 2,000 ரூபாய்தான் விலை, அரசு உரிமம் கொடுக்கவில்லை என்று ஆரம்பிப்பேன். பிறகு கையை ஓங்கி, "செய்யத் தெரிஞ்சவனுக்கு உரிமம் இல்ல. உரிமம் இருந்தவனுக்குச் செய்யத் தெரியல. வெள்ளைக்காரன் கழிச்சுப் போட்ட அச்சுல முப்பது வருஷம் அதே காரை அடிச்சுக்கிட்டு இருந்தோம். அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, மூணும் இரவல் சட்டை!" என்பேன். கடைசி பெஞ்சு வரை சிரிக்கும். நானும் கைதட்டலுக்கு மயங்கி வருடா வருடம் அதையே சொன்னேன்.

ஓப்பன் கார் கட்டும் யோசனை முதலில் சட்டத்தில் முட்டியது. தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை மாற்றி வண்டியைப் பதிவில் வைத்திருக்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிகிறவர்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி எண். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது. மாமனாரின் வண்டிக்கு அப்போது 52 வயது. பழைய மூன்றெழுத்து எண்ணை இழக்க என் துணைவியார் தயாராக இல்லை.

சட்டத்தைக்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பண்ணைக்குள் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்றுகூட யோசித்தேன். நிறுத்தியது வேறு ஒன்று. பாடியைக் காப்பாற்றினால் என்ன செலவு ஆகும் என்று ஒரு கணக்குக்காக, பின் கதவு ரப்பரும் கண்ணாடிச் சட்டமும் அங்கே கிடைக்குமா என்று மாணவனிடம் கேட்டேன். ஹெரால்டு பாகம் விற்கும் கடைகள் இங்கிலாந்தில் இன்றும் இருக்கின்றன. ஒரு வாரம் தேடிவிட்டுச் சொன்னான்:

"சார், இங்க எந்தக் கேட்லாக்லயும் அந்தப் பாகம் இல்ல. கடைக்காரர் என்னையப் பார்த்துச் சிரிக்கிறாரு. ஹெரால்டுக்குப் பின் கதவே கிடையாதாம்."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. உண்மைதான். இங்கிலாந்தில் 1971 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் ஹெரால்டு செய்தார்கள். இரண்டு கதவு செடான், கூப்பே, கன்வர்ட்டிபிள், எஸ்டேட், வேன் என்று எல்லாம் செய்தார்கள். நான்கு கதவு மட்டும் செய்யவே இல்லை. அது சென்னையில் உருவானது. இங்கே பாட்டியையும் அத்தையையும் முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்றுவது பெரும்பாடு. நான்கு கதவு அம்பாசிடரும் ஃபியட்டும் சந்தையை எடுத்துக்கொண்டு போயின. அதற்குப் பதிலாக வண்டலூர்க்காரர்கள் 1968-ல் நான்கு கதவு மார்க் 3-ஐக் கொண்டுவந்தார்கள். துண்டு துண்டாகப் பூட்டிய பாடி என்பதால்தான் இந்தத் துணிச்சல் சாத்தியமானது என்பது என் எண்ணம். ஒற்றைக்கூட்டுக் காரில் கதவைக் கூட்டுவதென்றால் எலும்பையே மாற்ற வேண்டும்.

அப்படியானால் நான் இரும்புக் கடைக்கு அனுப்ப இருந்தது எது? கவென்ட்ரியில் வடிவமைத்த சேஸிஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சென்னையில் யோசித்துச் செய்த பாடியை எறிய இருந்தேன். இரவல் சட்டை என்று முப்பது வருடம் கேலி செய்தேனே, அந்தச் சட்டையில் இங்கே தைத்த பகுதியை என் கையாலேயே கிழிக்கப் பார்த்தேன்.

கதவோடு நின்றுவிடவில்லை அவர்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒரே அச்சில் இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரண்டு பக்கமும் தோள்பட்டையிலிருந்து கை ஆடுவது போலத் தனித்தனியாக ஆடும் அரை அச்சுகள், மேலே குறுக்காக ஒரு ஸ்பிரிங் பட்டை. மேடு பள்ளத்தில் சொகுசு. ஆனால் வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். அமெரிக்காவில் செவர்லே கோர்வேர் காரின் இதே பாணி அச்சைத்தான் ரால்ப் நாடர் 1965-ல் தன் புத்தகத்தில் பிய்த்து எடுத்தார். இங்கிலாந்துக்காரர்கள் இதே குடும்பத்து வேறு வண்டிகளில் கூடுதல் இணைப்புகள் போட்டு ஒரு வழி கண்டார்கள். சென்னைக்காரர்கள் 1972-ல் கெசல் என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது ஆடும் அச்சையே தூக்கிவிட்டு ஒரே அச்சாக வைத்தார்கள். நம் ரோட்டுக்கும், பாரம் ஏற்றும் நம் பழக்கத்துக்கும், ஊர் மெக்கானிக்கின் கைக்கும் அதுதான் சரி. பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் காப்பியடிக்கிற பையன் கேள்வியை மாற்றி எழுதமாட்டான்.

எனவே 1982 முதல் 2016 வரை என்னிடம் படித்த அத்தனை பேருக்கும்: அந்த 'இரவல் சட்டை' வசனத்தில் ஹெரால்டை அடித்துவிடுங்கள். மற்ற இரண்டையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால் அவற்றைப் பற்றியும் இனி அடக்கியே பேசுவேன்.

சொந்தங்களுக்கு உரிய திருத்தம் இனிமேல்தான். போன வருடம் ஆடி மாதம் சின்னாளபட்டி டிங்கரும், லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனும் வந்து பாடியை சேஸிஸிலிருந்து பிரித்தோம். துருப்பிடித்த போல்டுகளுக்கு மூன்று நாள் டீசல் ஊற்றி ஊற வைத்தும் பாதியைச் சூடுகாட்டித்தான் எடுத்தோம். எட்டுப் பேர் தூக்கினோம். பிறகு 1991-லிருந்து யாரும் தொடாத இடது முன்சக்கரத்தைப் பிரித்தோம்.

ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை கட்டைக்குள் சுழலும். லோட்டஸ் செவன் வண்டிகளும் டிரையம்ப்பின் இந்த உறுப்பைக் கடன் வாங்கின. இதற்கு விட வேண்டியது கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் இடுக்கெல்லாம் போய்ச் சேராது. காய்ந்து கட்டியாகிவிடும். தண்ணீர் தங்கும், துரு ஏறும். ஒரு நாள் மரை வெட்டிய கழுத்திலேயே தண்டு ஒடியும். ஒடிந்தால் சக்கரம் படுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் எந்தப் பட்டறையிலும் எல்லா மூட்டுக்கும் ஒரே மருந்து, கிரீஸ் கன். எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் அங்கே யார் வித்தியாசம் பார்த்தார்கள்? மாமனார் வண்டியை ஒழுங்காக மாதாமாதம் கிரீஸ் அடிக்க விட்டவர். அந்த ஒழுங்கே வினையாயிற்று.

லேத் பட்டறை மாணவன் தண்டைத் துடைத்துவிட்டு என் கையில் கொடுத்தான். ஒடிந்த முகத்தில் முக்கால் பங்கு பழைய கறுப்புத் துரு. கால் பங்கு மட்டும் வேறு நிறமாக, சொரசொரப்பாக இருந்தது. "இது மரத்துல மோதி ஒடிஞ்சது இல்ல சார். ரொம்ப நாளா விரிசல் விட்டு, மிச்சம் இருந்தது கடைசியா ஒடிஞ்சிருக்கு. ஒடிஞ்ச பிறகுதான் மரத்துல போயி மோதிருக்கு" என்றான். கட்டைக்குள் கிரீஸ் கருப்பட்டி மாதிரி இறுகிக் கிடந்தது.

மாமனார் சொன்னது சரி. சக்கரம் தானாகத்தான் மடங்கியது. கண்புரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழு வருடம் அவர் சொல்லிப் பார்த்து, பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டார். அந்தத் தண்டை நான் எண்ணெய் தடவி, அவர் படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்திருக்கிறேன். வருகிற சொந்தங்கள் எடுத்துப் பார்க்கலாம்.

ஸ்டாண்டர்டு கம்பெனியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். கெசல் 1977-ஓடு நின்றது. பிறகு வேன் மட்டும். 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு சொகுசுக் கார். வெளியே இங்கிலாந்தின் ரோவர் காரின் பகட்டான பாடி, உள்ளே பழைய வேன்கார்டு வழிவந்த இன்ஜின். மாருதி வந்து இரண்டு வருடம் ஆன சமயம் அது. எடுபடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. சின்னக் காருக்குத் தானே கதவு செய்த கம்பெனி கடைசியில் உண்மையாகவே இரவல் சட்டை போட்டுக்கொண்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது வண்டியின் நிலவரம். தரைத் தகடு புதிதாக அடித்தாயிற்று. பட்டி பார்த்து முதல் கோட் பிரைமர் அடித்தாயிற்று. கவென்ட்ரி மாணவன் இரண்டு பக்கத்துக்கும் புது டிரனியன் செட் அனுப்பிவிட்டான். கியர் ஆயில்தான் விட்டிருக்கிறேன், என் கையாலேயே. இன்ஜின் திண்டுக்கல்லில் போர் அடித்து வந்துவிட்டது. பின் கதவு ரப்பர்தான் பாக்கி. அதே அளவில் அச்சு எடுத்து வார்த்துத் தரக்கூடியவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள். வண்டலூர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து என்னிடம் பேசச் சொல்லுங்கள். அந்த நான்கு கதவை முதலில் யார் வரைந்தார், எந்த மேசையில் வரைந்தார் என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

சித்திரையில் முதல் ஓட்டம். செம்பட்டி வரை போய்த் திரும்புவதாகத் திட்டம், அதே கண்மாய்க்கரை வழியாக. என் மாமியாருக்கு இப்போது 88. பின்னால் ஏறச் சிரமமாக இருக்குமே என்று முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். "பின்னாடியும் கதவு இருக்குல்ல? நான் எப்பவும் ஒக்கார்ற எடத்துலயே ஒக்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.